லைன் இல்லாத நேரம்

கிஷோர் என்றால் ஆறே நாள், ஞானவேல் என்றால் தை பிறக்கணும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஹேமலதா மாடிப்படி ஏறும்போதே முடிவு செய்துவிட்டாள். கடைசிப் படியில் கால் வைத்ததும் வெயில் முகத்தில் அறைந்தது, செய்த முடிவு எங்கே போனதென்று தெரியவில்லை. புரட்டாசி வெயில். மழைக்கு முன்னால் இருக்கிற வீரத்தையெல்லாம் காட்டிவிட்டுப் போகிற வெயில். அவள் மல்லியைப் பரப்பத்தான் வந்திருந்தாள், அரைத்து வைத்துவிட்டால் இந்த மழைக்காலத்துக்குச் சாம்பார்ப் பொடி கவலை இல்லை, ஆனால் பழைய வேட்டியை விரித்துக் கொட்டி, உள்ளங்கையால் தள்ளித் தள்ளிப் பரப்பும்போதும் காது மட்டும் கீழேயே இருந்தது. படிக்கட்டு வழியாக மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது, உறுமல், நடுவில் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, மறுபடி உறுமல். அது காற்றை இழுத்து, அதில் ஆக்சிஜனை மட்டும் பிரித்து, குழாய் வழியாக அவள் புருஷன் தணிகாசலத்தின் மூக்குக்கு அனுப்புகிறது, அந்தக் குழாய் இல்லாமல் அவர் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும்கூடப் போக முடியாது, உதடு நாவல்பழம் மாதிரி ஆகிவிடும். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனுஷன் இப்போது சுவரில் இருக்கிற ஒரு பிளக்குக்குள் உயிரை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். கடலூர் ஊர் வேறு, கேட்கவே வேண்டாம், வங்காள விரிகுடாவில் எவனாவது தும்மினால் மஞ்சக்குப்பத்தில் கம்பி அறுந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டர் இந்த மெஷினை இழுக்காது, ஒருமுறை இழுக்கப் பார்த்துப் புகை விட்டதோடு சரி. அதற்குத்தான் சோலார். அதற்குத்தான் இந்த இரண்டு ஆளில் ஒருவனைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் சொல்லுங்க ஆன்ட்டி, நான் ஸ்ட்ரக்சருக்கு ஆர்டர் போடணும் என்றிருக்கிறான் கிஷோர், அவனுக்கு அவள் எந்த வகையில் ஆன்ட்டி என்று யாராவது விளக்கினால் தேவலை.

ஆனால் கிஷோரைப் பிடிக்கும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுத்தமான சட்டை, செருப்பை வாசலில் ஜோடியாக விட்டான், கையிலிருந்த டேப்லெட்டில் வானத்திலிருந்து எடுத்த இதே மாடியைக் காட்டினான், துணிக்கொடி கூடத் தெரிந்தது, கொடியில் அவளுடைய நீல நைட்டி தொங்கியது, எந்த நாள் எடுத்தார்களோ படுபாவிகள். அதன்மேல் விரலால் தட்டத் தட்ட பேனல்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அவர் கட்டில் ஓரமாக நின்று, அங்கிளுக்கு ஒரு நிமிஷம்கூட மெஷின் நிக்காது, நான் கேரண்டி என்றான். அந்த வார்த்தைக்காக அவனுக்கு இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்தாள். மற்றவன் ஞானவேல் இருக்கிறானே, அவன் தொழிலே பட்டறைகளுக்கு ஷெட் கூரை போடுவது, இப்போது சோலாரும் போடுகிறான், முகத்தைப் பார்த்தால் யாரோ கடன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்ட மாதிரி. வந்தான், கைப்பிடிச் சுவரைக் காலால் இரண்டு உதை உதைத்தான், தண்ணீர் கேட்டான், குடித்தான், லைன் போனா இதுவும் நின்னுடும்மா என்றான். அப்ப எதுக்கய்யா அது, அழகுக்கா என்று இவள் கேட்டாள். லைன் இருக்கும்போது ஓடும்மா. லைன் இருக்கும்போதுதான் லைன் இருக்கே. ஆமாம்மா என்றான். அப்படி ஒரு ஆமாம்மா. அதற்குமேல் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் நாக்குத் தேய்ந்துவிடும். பிறகு அவனே, பேட்டரி வெச்சுத் தனியாப் பண்ணலாம், மெயின் லைனோட ஒட்டாம, அந்தச் சாமான் வரவே நாளாகும், வந்தாலும் மழையில மாடியில துளை போட்டு ஆணி இறக்கினா சீலிங் ஒழுகும், அப்புறம் என்னைத் திட்டுவீங்க என்றான். இப்பவே திட்டிக்கிட்டுத்தானய்யா இருக்கேன். அதற்கும் ஆமாம்மா.

மல்லி மணம் சூட்டில் எழுந்து வந்தது. அவள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கொஞ்சம் ஒதுங்கினாள், கண்ணைச் சுருக்கி மேலே பார்க்கப் போய், பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். முடியாதுதான். இத்தனை வயதுக்கு அவள் நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லாத ஆள் கிடையாது, நாத்தனார், ரேஷன் கடைக்காரன், மகளின் மாமியார், எல்லாரையும் பார்த்தாயிற்று, இதை ஒரு விநாடி பார்க்க முடியவில்லை. சிஸ்டர் இம்மாகுலேட்டா ஏழாம் வகுப்பில் சாக்பீஸைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், இப்போது உன் கையில் விழும் வெளிச்சம் எட்டு நிமிஷத்துக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பியது. பரீட்சைக்கு எழுதினாள், மார்க் வாங்கினாள், மறந்துபோனாள். இப்போது மல்லிமேல் கை வைத்திருக்கும்போது திடீரென்று அது நிஜமாக இருந்தது. எட்டு நிமிஷத்துக்கு முன்னால் அவள் கீழே பால்காரனைப் பாக்கெட் ஒழுகுகிறது என்று திட்டிக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் அங்கே இது புறப்பட்டிருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லாத அத்தனை இருட்டையும் தாண்டி, எதன்மேலும் மோதாமல், யாரையும் வழி கேட்காமல், நேரே வந்து மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வேட்டியில் கிடக்கும் மல்லி விதையின் முதுகில் இறங்கியிருக்கிறது. முழங்கை மயிர் நின்றது. இந்த ஒரு மாடியில் ஒரு பகலில் விழுகிறதைப் பிடித்தால் நம்ம தெருவையே ஓட்டலாம் ஆன்ட்டி என்று கிஷோர் சொன்னபோது வியாபாரப் பேச்சு என்று நினைத்தாள். பொய்யில்லை போலிருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக இவ்வளவு பெரிய ஒன்று தினமும் தலைக்கு மேல் வந்து நின்றிருக்கிறது, அவள் அதை அப்பளம் காயவைக்கவும் போர்வை உலர்த்தவும் மட்டும் கூப்பிட்டிருக்கிறாள், கலெக்டரைக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்கச் சொன்ன மாதிரி. அப்போதும் அது மறுக்கவில்லை. உரித்துக் கொடுத்துவிட்டுப் போனது.

அப்படியானால் ஏன் நிற்கணும். இங்கேதான் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் முள் குத்துகிறது. மேலே இது கொட்டிக்கொண்டிருக்கும், பேனல் விரிந்து கிடக்கும், எங்கோ பண்ருட்டிப் பக்கம் ஒரு மரக்கிளை கம்பியில் விழும், உடனே இந்த மாடியில் இருக்கிற சாமான் வாயை மூடிக்கொள்ளுமாம், கீழே மனுஷன் மூச்சுக்குத் திணறுவாராம். என்ன சட்டம் இது. ஞானவேல் படியிறங்கும்போது அவள் அதைக் கேட்டாள், கேட்டாள் என்ன, முதுகைப் பார்த்துக் கத்தினாள், ஏன்யா நிக்கணும். அவன் திரும்பாமலே, கம்பத்துல ஆளு ஏறியிருப்பான்மா என்றான். புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். புரியாமல் என்ன. எத்தனை வருஷம் மின்வாரியக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவள். மறுநாள் கிஷோரிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள், தம்பி, லைன்ல ஆளு ஏறியிருந்தா. கிஷோர் சிரித்தான், எவ்வளவு வரிசையான பல், அதெல்லாம் ஆயிரத்துல ஒண்ணு ஆன்ட்டி, நான் உள்ளே சின்னதா ஒரு பேட்டரி வெச்சு ஒரு வேலை பண்றேன், லைன் இருக்குன்னு சோலார் பெட்டி நம்பிக்கும், அது பாட்டுக்கு ஓடும், யாருக்கும் தெரியாது. நம்ம கரண்ட்டு வெளியே போகாதா. போகாம இருக்க நீங்க என்ன பண்றீங்க, லைன் போனதும் இந்த மெயினை ஆஃப் பண்ணிடுங்க, அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது. அவ்வளவுதானா. அவ்வளவுதான் ஆன்ட்டி. தணிகாசலத்திடம் இதை அவள் சொல்லவில்லை. பையன் நல்லா பண்ணுவான்போலிருக்கு என்று மட்டும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே தலையசைத்தார், உனக்கு எது சௌகரியமோ பாரு ஹேமா, நான் ரிட்டயர் ஆயிட்டேன், இனிமே கையெழுத்தெல்லாம் உன்னோடதுதான். அவருக்குத் தெரியவே போவதில்லை. மாடி ஏறிப் பார்க்கவா போகிறார். மழை கொட்டும், ஊர் இருட்டும், இந்த வீட்டில் மட்டும் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும், அவர் அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவார், அவள் சமையல் பண்ணுவாள். இதைத் தவிர வேறென்ன கேட்கிறாள் அவள், தங்கமா வைரமா.

லைன் போனதும் மெயினை ஆஃப் பண்ணணும். மறப்பாளா என்ன. காஸை மூடாமல் ஒருநாள் வெளியே போயிருப்பாளா. மல்லியை இன்னொரு தடவை கிளறினாள், கிளறிய கை அப்படியே நின்றது. லைன் போனது எப்படித் தெரியும். மெஷின் நின்றால் கூவும், அந்தக் கூவலில்தான் இத்தனை நாளும் தெரிகிறது. இனிமேல் நிற்காது, கூவாது. பகலில் விளக்கு எரிகிறதா என்று யார் பார்க்கிறார்கள், ஃபேன் சுற்றும், ஃபிரிட்ஜ் ஓடும், மிக்ஸி அரைக்கும், வெயில் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருக்கும், ஊரில் லைன் இல்லை என்பது இந்த வீட்டுக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தானே அவனைக் கூப்பிட்டது. அதுதானே அவன் விற்கிற சரக்கு. தெரிந்தால்தான் ஆஃப் பண்ண முடியும், தெரியாமல் இருக்கத்தான் அவன் வருகிறான். இந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள், ஏதாவது ஒரு சந்து இருக்காதா, ஒரு சின்ன சிவப்பு விளக்கு வைக்கச் சொல்லலாமா, எதிர் வீட்டுச் சுசீலாவை லைன் போனால் போன் பண்ணச் சொல்லலாமா, அவள் சீரியல் நின்றுபோன துக்கத்தில் இருப்பாள், எங்கே போன் பண்ணப்போகிறாள். எந்தச் சந்தில் நுழைந்தாலும் கோடியில் பழமலை நின்றுகொண்டிருந்தான். அவள் கூப்பிடவில்லை. அவனே வந்து நின்றான், எப்போதும் நிற்பதுபோல் வாசல்படிக்குக் கீழே, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உட்காருப்பா என்றால் பரவால்ல மேடம் என்று. தணிகாசலத்தின் செக்‌ஷனில் வயர்மேன். அந்தப் பெரிய புயலுக்கு அப்புறம் ஊரே கவிழ்ந்து கிடந்தபோது, கல்யாணச் சாப்பாடு முடிந்து கண்ட இடத்தில் படுத்தவர்கள் மாதிரி கம்பங்கள் ரோட்டில் கிடந்தபோது, இவரும் அவனும் வீட்டுக்கே வராமல் வேலை பார்த்தார்கள். லைன் ஆஃப். எல்லாரும் உறுதி பண்ணியாயிற்று. அவன் ஏறினான். இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ ஜெனரேட்டரைப் போட்டார்கள், மெயினைப் பிரிக்காமல். கெட்ட ஆட்கள் இல்லை, மணமேடையில் விளக்கு எரியணும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அவ்வளவுதான் ஆன்ட்டி. அந்தக் கரண்ட் வந்த வழியே திரும்பி நடந்தது, வீட்டுக்கு வருகிற சின்னக் கம்பியில் பின்னுக்குப் போய், ட்ரான்ஸ்பார்மரில் ஏறி, அங்கே பல மடங்காகப் பெருகி, பெரிய கம்பிக்குப் போய், கம்பியில் இருந்த கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு விநாடிகூட இல்லை என்றார் இவர். அதற்கு மேல் இவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. துக்கம் கேட்கப் போனபோது பழமலையின் பெண்டாட்டி செங்கேணி எத்தனையோ பேர் இருக்க இவள் கையைத்தான் பிடித்தாள், ஆஃப் பண்ணிட்டோம்னுதானே சொன்னாங்க மேடம், அப்புறம் எங்கேருந்து வந்துது என்று கேட்டாள். அழவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். 

இவருக்கு ஒரு பழக்கம் உண்டு, லைன் ஆட்களுக்கெல்லாம் உண்டு, எதைத் தொட்டாலும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் ஷாக்கில் விரல் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் விலகி விழும். ஃபிரிட்ஜை அப்படித்தான் திறப்பார், குழாயை அப்படித்தான். மகள் பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்ட, குழந்தையின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், என்னங்க, அதுல கரண்டா ஓடுது என்று இவள் படுக்கையிலிருந்தே கேட்டாள், அவர், ஓடுது ஹேமா என்றார். அன்றைக்குச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அந்தப் பழக்கம் அவளுக்கு அவமானமாக இருந்தது, கூடப்படித்தவளுக்கெல்லாம் பேங்க் மாப்பிள்ளை, கையைக் குலுக்குவார்கள், இவர் யார் வீட்டுக் கதவையும் புறங்கையால் தட்டுவார். அது பயம் இல்லை என்று அவளுக்குப் புரிய ரொம்ப வருஷமாயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கேயும் இருக்கலாம், அதற்குக் கொடுக்கிற மரியாதை. கோயிலில் அவர் அந்த மாதிரி நின்று இவள் பார்த்ததில்லை. ஆனால் இதெல்லாம் பழமலைக்கு உதவியதா. அவனும் தொட்டுப் பார்த்திருப்பான். தொட்டபோது ஒன்றும் இல்லை. அப்புறம் வந்தது. ஐயோ, நான் என்ன ஊர் முழுக்க உள்ள கையையா காப்பாற்றப் பிறந்திருக்கிறேன், எனக்கு ஒரே ஒரு மூக்கு, ஒரே ஒரு குழாய், இந்த மழை மட்டும் தாண்டட்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஆக்சிஜன் சிலிண்டரோடு போராடுவது யார், கிஷோரா, ஞானவேலா, செங்கேணியா. இவள்தான். அவர் கண் மேலே செருகுவதைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புவது இவள்தான். ஆயிரத்தில் ஒன்று என்றுதானே சொன்னான். ஆயிரத்தில் ஒன்று. அந்த ஒன்றுக்கு ஒரு வீடு இருக்கும், வீட்டில் ஒருத்தி இருப்பாள். கிஷோருக்கே சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு இதையெல்லாம் மறந்துவிடலாம். போனை முந்தானையால் துடைத்தாள், வெயிலில் திரை தெரியவில்லை, கையால் நிழல் கட்டி அவன் பெயரைத் தேடினாள், கீழே உறுமல் நின்றது.

கூவல் எழும்புவதற்கு முன்னாலேயே பாதிப் படி இறங்கியிருந்தாள். மல்லி ஒட்டிய கையோடு, செருப்பில்லாமல். ஃபேன் ஓய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது, மெஷின் சிவப்பாகக் கூவியது, தணிகாசலம் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றித் தோளால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். இதோ, இதோ, வந்துட்டேன், மூக்கால இழுங்க, வாயால விடுங்க. குழாயை மெஷினிலிருந்து பிடுங்கி, மூலையில் நிற்கும் சிலிண்டரில் செருகி, சாவியைத் திருப்ப, வழக்கம்போல் அது முதலில் அசையவில்லை, எந்தப் பக்கம் திறக்கும் என்பதே அந்த நேரத்தில் மறந்துபோகும், ஒவ்வொரு தடவையும் மறந்துபோகும், அவர் உதடு நிறம் மாறியது, ஏசுவே முருகா என்று பள்ளிக்கூடமும் வீடும் கலந்து வாயில் வந்தது, சாவி நகர்ந்தது. அளவு காட்டும் கண்ணாடிக் குழலுக்குள் குட்டி உருண்டை எழும்பி நடுங்கி நின்றது. சீறல் கேட்டது. அவர் தோள் மெல்ல இறங்கியது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் ஒரு பாய் அளவுக்கு விழுந்து கிடந்தது, இவ்வளவு இருக்கிறதே, இங்கேயே இருக்கிறதே என்று அதைப் பார்த்தாள். கொஞ்சம் பேச்சு வந்ததும் அவர், பக்கத்துலதான் என்றார். எது பக்கத்துல. நம்ம ட்ரான்ஸ்பார்மர் ஆஃப் பண்ற சத்தம் கேட்டுது, ஆளு ஏறியிருப்பான். ஒரு மூச்சு. எந்தப் போஸ்ட்டுன்னு போய்ப் பாரு. எதுக்கு, நீங்க பேசாம இருங்க. இன்னொரு மூச்சு. பெல்ட்டு போட்டிருக்கானா பாரு ஹேமா. மூச்சு விட வழியில்ல, ஊரான் பெல்ட்டு கேக்குது என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள், ஏனென்றால் பார்த்துச் சொல்லாவிட்டால் அவரே எழுந்துவிடுவார்.

மறுபடி மாடிக்கு ஏறிப் பார்த்தாள். இஸ்திரி வண்டிக்கு நேர் மேலே, தெருக்கோடிக் கம்பத்தில், அவள் மாடியின் உயரத்துக்கே அவன் இருந்தான். யாரோ, தெரியாத முகம், நாற்பது வயதிருக்கும், பெல்ட்டு இடுப்பைச் சுற்றிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தது, அவன் அதில் நாற்காலியில் சாய்வதுபோல் சாய்ந்திருந்தான். கீழே நின்றவரிடம் ஏதோ கேட்டுச் சிரித்தான். பிறகு ஒரு கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் கம்பியைப் பிடித்தான்.  ஒன்றும் ஆகவில்லை. அறுந்த முனையை நெற்றி சுருக்கி முறுக்கிக்கொண்டிருந்தான், மகளுக்குச் சின்ன வயதில் பின்னல் போட்டபோது அவள் சிக்கெடுத்ததுபோல், மெதுவாக. தெரு அமைதியாக இருந்தது. எத்தனை அமைதி என்று அப்போதுதான் கேட்டது. எந்த வீட்டிலும் மிக்ஸி இல்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை, மாவு மில் நின்றிருந்தது, எல்லா ஃபேனும் நின்றிருந்தன, அவள் வீட்டு மெஷினும் நின்றிருந்தது. இத்தனை வருஷமும் இதைக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தாள், போன் பண்ணித் திட்டியிருக்கிறாள், எப்பய்யா வரும், தூங்குறீங்களா. இப்போது பார்த்தால் அந்த வெறும் உள்ளங்கையைச் சுற்றி ஒரு ஊர் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது. எல்லாரும் எரிச்சலோடுதான் நிற்கிறார்கள், இருந்தும் நிற்கிறார்கள். கம்பியில் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததை நம்பி அவன் தன் எடை முழுவதையும் வைத்திருந்தான். மேலே அந்தப் பெரியது கொட்டிக்கொண்டே இருந்தது, எட்டு நிமிஷத் தூரத்திலிருந்து யாரையும் கேட்காமல் வருகிறது, ஆனால் இதை, இந்த இல்லாமையை, மனுஷர்கள்தான் ஒவ்வொரு வீடாகச் சேர்ந்து அவனுக்குக் கொடுக்க வேண்டும். எது பெரிதென்று அவளுக்குத் தெரியவில்லை. வாய் திறந்திருப்பது தெரிந்து மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. ஆன்ட்டி, கிஷோர், கன்ஃபர்ம் பண்ணிடலாமா. வேணாம் தம்பி. ஏன் ஆன்ட்டி, வேற யாராச்சும் கம்மியா சொன்னாங்களா, நான் பேசிக் குறைச்சுத் தர்றேன். அதில்ல. அங்கிளை நினைச்சுப் பாருங்க ஆன்ட்டி, மழை வருது. நினைச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். அதான் மெயினை ஆஃப் பண்ணிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேனே. அவள் கம்பத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியாம போற லைனை நான் எப்படிப்பா ஆஃப் பண்ணுவேன் என்றாள்.  நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க ஆன்ட்டி என்றான். நீ கொஞ்சம் யோசி, அப்புறம் இன்னொண்ணு, நான் உனக்கு ஆன்ட்டி இல்ல என்று போனை வைத்தாள்.  உடனே ஞானவேலைக் கூப்பிட்டாள், கூப்பிடாவிட்டால் மனசு மாறிவிடும் என்று அவளுக்கு அவளைப் பற்றித் தெரியும். ஐயா, நான் தணிகாசலம் வீட்டம்மா. சொல்லும்மா. பேட்டரி வெச்சுத் தனியாவே பண்ணுங்க. தை ஆகும்மா. ஆகட்டும். அதுவரைக்கும் சாருக்கு என்று இழுத்தான். அதுவரைக்கும் சிலிண்டர், இன்னும் ரெண்டு எடுத்து வெச்சுக்கிறேன், என்ன பண்றது. அவன் ஏதோ சொல்ல வந்து, இருமி, ஆமாம்மா என்றான். இந்தத் தடவை அது அவ்வளவு எரிச்சலாக இல்லை, கொஞ்சம்தான்.

கீழே வந்தபோது அறையில் சீறல் ஒன்றுதான் கேட்டது. சிலிண்டர் முள் கால்வாசி இறங்கியிருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் வரும், அதற்கு மேல் வராது, மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லியாக வேண்டும். பயம் அப்படியேதான் இருந்தது, மழைக்காலம் முழுக்க இருக்கும். அவர் கண்ணைத் திறந்தார். போட்டிருக்கானா. போட்டிருக்கான். யாரு, நம்ம ஆளா. தெரியல, நல்லா வேலை பாக்குறான். அவர் அதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையைத் தலையணையில் இறக்கிக்கொண்டு, நேரமாகுமா என்றார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பால் கொதிக்கிற நேரம்கூடப் பொறுக்க மாட்டாள் என்று பேர் வாங்கியவள், கண்ணாடிக் குழலுக்குள் மிதக்கும் உருண்டையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாவே பாக்கட்டும் என்றாள்.